வசந்தாமணியின் இரண்டடுக்கு ராக்கெட்டும் சுப்பையனின் கைராசியும்

சுப்பையனுக்குக் கைராசி உண்டு என்று இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள் அவர் மனைவி வசந்தாமணிதான். எதைத் தொடங்குவதென்றாலும் அவர் கைதான் முதலில் பட வேண்டும். தொண்ணூற்றொன்றில் ஹூஸ்டனில் வந்து இறங்கி, பக்கத்துக் கேட்டி ஊரில் ஒரு அபார்ட்மெண்டில் பால் காய்ச்சியபோது அடுப்புக் குமிழைத் திருகியது அவர். பழைய கார் ஒன்று வாங்கியபோது சாவியை முதலில் திருப்பியது அவர். மகள் யாமினியின் நோட்டில் முதல் எழுத்து, தையல் மெஷினில் முதல் தையல், ஏன், புது மிக்சியின் பொத்தான்கூட அவர்தான். "ஏனுங்க, சித்த வந்து உங்க கையால ஆரம்பிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்பாள். அவரும் சலித்துக்கொண்டே வருவார்.

சலிப்பெல்லாம் வெளி வேஷம். மனிதருக்கு வேறு எங்கே பெருமை கிடைத்தது? காலேஜில் தங்க மெடல் வாங்கியவர், இங்கே எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாய் வரைபடம் போடும் ஓர் ஆபீசில் பன்னிரண்டு பேரில் ஒருவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவருக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். எவனுக்காவது பிரமோஷன் என்றால் இரண்டு நாள் சோறு இறங்காது. தெரிந்தவர் வாசலில் புதுக் கார் நின்றால் அந்தத் தெருவையே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார். பொறாமையா, சேச்சே! "எனக்கென்ன அதைப் பத்தி" என்பார். ஒரு மனிதர் நாளைக்கு நாலு தரம் எனக்கென்ன என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஆபீஸ் நண்பர் பத்மநாபன் ஒரு சேதி சொன்னார். "ப்ரூக்ஷயர் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில மாசம் ஒரு சனிக்கிழமை மாடல் ராக்கெட் விடறாங்க, சார். ஒரு க்ளப் இருக்கு. நம்ம பெரிய பாஸ்கூட வர்றாரு. ட்ரை பண்ணிப் பாருங்களேன்."

பெரிய பாஸ் என்ற சொல் காதில் விழுந்த அன்று சாயங்காலமே சுப்பையன் ஒரு ராக்கெட் கிட்டோடு வீட்டுக்கு வந்தார். அட்டைக் குழாய், இறக்கை வெட்ட மெல்லிய மரத்தகடு, பிளாஸ்டிக் மூக்கு, ஒரு குட்டிப் பாரசூட், கட்டைவிரல் பருமனில் மருந்து அடைத்த மோட்டார் மூன்று. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. சுப்பையனுக்கு நாற்பத்தொன்று. தங்க மெடல் வாங்கியவர் செய்முறைத் தாளைப் படிப்பாரா? படிக்காமலே ஒட்டினார்.

அந்த ராக்கெட் மேலே போகவில்லை. முப்பது அடி எழும்பி, பைத்தியம் பிடித்த மாதிரி சுழன்று, ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்த கூடாரத்துக்குள் புகுந்து ஐஸ் பெட்டியில் முட்டி விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் சுப்பையனுக்கு அறைந்த மாதிரி இருந்தது. பெரிய பாஸ் அன்றைக்குப் பார்த்து வந்திருந்தார். "இந்தக் கிட்டே சரியில்ல" என்று சொல்லி அதைக் கார் டிக்கியில் வீசினார் சுப்பையன்.

மறுநாள் காய்கறிப் பையை எடுக்கப் போன வசந்தாமணி அதையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "ஏனுங்க, ரெக்கை மூணும் மூணு தெசையப் பாக்குதுங்க."

"ஆமா, நீ பெரிய விஞ்ஞானி."

அவள் விஞ்ஞானி இல்லை. கோயமுத்தூர் கணபதியில் அவள் அப்பா வைத்திருந்த பட்டறையில், பதினாலு வயதிலிருந்து அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தின வாரம்வரை, பம்புசெட் மோட்டாருக்கு வைண்டிங் கட்டியவள். காப்புத் தாளை அளந்து வெட்டி, மடித்து, மயிரிழை பிசகாமல் மோட்டாரின் காடிப் பள்ளங்களுக்குள் செருகி, அதன் மேல் செம்புக் கம்பிச் சுருளை இறக்கி, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றி. தாளும் பசையும் நூலும் அவள் விரலுக்குப் பழக்கப்பட்ட சாமான்கள். அமெரிக்கா வந்தபின் ஏழு வருஷமாக அந்த விரல்கள் சப்பாத்தி மாவுக்கு மேல் எதையும் தொடவில்லை. கிரீன் கார்டு போன வருஷமே வந்துவிட்டது, வேலைக்குப் போகலாம். ஆனால் மோட்டார் வைண்டிங் தெரிந்த பெண்ணைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறவர் யார் இருந்தார்கள்?

இறக்கைகளைப் பெயர்த்து, நூல் பிடித்துப் பார்த்து, திரும்ப ஒட்டினாள். அடுத்த மாதம் அது நேராகப் போய், பாரசூட் விரித்து, விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கியது.

க்ளப் தலைவர் ஹோவர்ட் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். எண்ணெய்க் கம்பெனிகளுக்காகக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் மேசை அளவு மாதிரிகளாகச் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். இறக்கையை இவ்வளவு சுத்தமாக ஒட்டியது யார் என்று கேட்டார்.

"வீ டிட் இட்" என்றார் சுப்பையன்.

"நோ அப்பா, அம்மா டிட் இட்" என்றாள் யாமினி. பத்து வயது. பொய் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, அவர்தான்.

அன்றைக்கே ஹோவர்ட் தன் வண்டியிலிருந்து ஒரு பழைய வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். நைக்கி-அப்பாச்சி என்ற நிஜ ராக்கெட். கீழே தடித்த அடுக்கு, மேலே ஒல்லியான அடுக்கு. இந்த வகை ராக்கெட்தான் அறுபத்து மூன்றில் கேரளத்துத் தும்பாவிலிருந்து முதன்முதலாக ஏறியதும். "நான் பொறந்த வருசமுங்க" என்று வசந்தாமணிக்கு அதில் ஒரு சந்தோஷம். கிட்டில் இருப்பதை மாற்றி, நிஜ ராக்கெட்டின் அளவுக்குப் பொருத்தமாகச் சுருக்கி, இரண்டு அடுக்கும் எரிகிற மாதிரி உன்னால் செய்ய முடியுமா என்று கேட்டார் ஹோவர்ட். நவம்பரில் போட்டி இருந்தது. இதையெல்லாம் அவர் வசந்தாமணியைப் பார்த்தே கேட்டார். பக்கத்தில் ஒரு எஞ்சினியர் நிற்பதாகவே அவர் கண்ணுக்குப் படவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. கிட்டின் குழாய் கீழடுக்காயிற்று. மேலடுக்குக்கு அவ்வளவு சன்னமான குழாய் கிடைக்காததால், ஜன்னல் திரைக் கம்பியின் மேல் தாளைச் சுற்றிச் சுற்றிப் பசை தடவி அவளே உருட்டினாள், வைண்டிங்குக்குக் காப்புக் குழல் உருட்டுகிற மாதிரியே. இரண்டுக்கும் நடுவில் அட்டையால் ஒரு கூம்பு. மூக்குக்குள் கொஞ்சம் களிமண், தலை கனமாக இருந்தால்தான் நேராகப் போகும். எல்லாம் ஆனதும் நடுவில் நூல் கட்டி, கார் நிறுத்துமிடத்தில் தலையைச் சுற்றிச் சுழற்றிப் பார்த்தாள். மூக்கு முன்னால் பார்த்தபடியே சுற்றி வந்தது, நேராகப் பறக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். அக்கம்பக்கத்து அமெரிக்கப் பெண்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். சுப்பையன் ஜன்னலை மூடிக்கொண்டார்.

வயிறு எரிந்தது. கட்டின பெண்டாட்டிமேல் பொறாமைப்பட ஒருவருக்கு வெட்கமாக இருக்காதா? இருந்தது. வெட்கம் சேர்ந்ததும் இன்னும் கொஞ்சம் எரிந்தது. நானூறு பக்கக் குழாய்க் கணக்கைப் போட்டுக் கொடுத்தபோது ஆபீசில் ஒருத்தன் நல்லா இருக்கு என்று சொன்னானா? இவள் நாலு காகிதத்தைச் சுருட்டினாள், ஊரே வாயைப் பிளக்கிறது! வீட்டில் போன் அடித்தால், "மே ஐ ஸ்பீக் டு வசந்தா?" பத்மநாபன் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "சார், உங்க வீட்டம்மா ரெண்டடுக்கு ராக்கெட் பண்றாங்களாமே! நீங்க குடுத்து வச்சவர், சார்." பியர்லாந்து கோயிலில் முன்பின் தெரியாத ஒரு மாமி வந்து, "நீங்கதானே ராக்கெட் வசந்தாமணி ஆத்துக்காரர்?" என்றாள். கையில் வாங்கிய புளியோதரை அப்படியே இருந்தது.

"எனக்கென்ன அதைப் பத்தி" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபரில் ஹோவர்ட் வீட்டுக்கே வந்தார். வர்ணம் பூசி முடித்திருந்த ராக்கெட்டை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அளவெல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. அவர் பட்டறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பார்க்க அழகாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர், செய்தது வேலையும் செய்ய வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம் என்றார். போட்டி அன்றைக்கு இரண்டு அடுக்கும் ஒழுங்காக எரிந்து போனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்துவிடு. போகவில்லை என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வசந்தாமணி பாயசம் வைத்தாள். "இது மட்டும் கூடி வந்துச்சுன்னா, ஏழு வருசத்துக்குப் பொறவு நானும் ஒரு பட்டறைக்குப் போவனுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சுப்பையன் பாயசத்தில் இருந்த முந்திரியை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார்.

நவம்பர் போட்டி நாள் வந்தது. பண்ணையில் காற்று குறைவு, வெயில் இதம். காலையில் ராக்கெட்டுகளை மேசைமேல் வைத்து, நிஜத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மார்க் போட்டார்கள். வசந்தாமணிக்குத்தான் அதிகம். பறப்பதற்கு இன்னும் பாதி மார்க் இருந்தது.

காரின் பின்சீட்டில் வைத்து மோட்டார்களைப் பொருத்தினாள். இதில்தான் சூட்சுமம். கீழ் மோட்டார் எரிந்து முடியும்போது அதன் உச்சியிலிருந்து சீறுகிற நெருப்பு மேல் மோட்டாரின் அடியில் பாய்ந்து அதைப் பற்றவைக்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றால் போதாது. நெருப்புக்கு முன்னால் வரும் அழுத்தம் இரண்டையும் பிரித்துத் தள்ளிவிடும். மேலடுக்கு பற்றாது, பாரசூட்டும் விரியாது, தலைகீழாகத் தரையில் வந்து குத்தும். அதனால் இரண்டு மோட்டாரையும் சேர்த்து ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்ட வேண்டும். அது ஒரு கணம் பிடித்துக்கொண்டு, நெருப்புப் பாய்ந்ததும் எரிந்து விட்டுவிடும். அவள் பட்டறையில் சுருளின் ஆரம்ப முனைக்குச் சிவப்பு மசியில் ஒரு புள்ளி வைப்பார்கள், பின்னால் முனையைத் தேடக் கூடாது என்று. அந்தப் பழக்கம் விடவில்லை. டேப்பின் நுனியிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து ஒட்டினாள். அதன்மேல் கீழடுக்கை ஏற்றினாள்.

"ஏனுங்க, இதப் பாத்துக்குங்க. நான் போய்ப் பேரு குடுத்துட்டு வந்தர்றனுங்க."

போனாள். நாலடி போவதற்குள் மூன்று பேர் அவளோடு கைகுலுக்கினார்கள். பெரிய பாஸ் வந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அவளும் தன் அரைகுறை இங்கிலீஷில் பதில் சொல்லிச் சிரித்தாள். பிறகு பாஸ் திரும்பி, காருக்குப் பக்கத்தில் நின்ற சுப்பையனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "ஹே! யூ ஆர் வசந்தாஸ் ஹஸ்பண்ட், ரைட்?"

ஏழு வருஷம் அந்த ஆபீசில் இருந்தவர் சுப்பையன். அந்த மனிதருக்கு அவர் பெயர் தெரியவில்லை.

அப்புறம் நடந்தது அரை நிமிஷம்கூட இருக்காது. பின்சீட்டில் உட்கார்ந்தார். கீழடுக்கை உருவினார். டேப்பை உரித்தார். அது விரலில் ஒட்டிக்கொண்டது, உதறினார், போகவில்லை, எங்கேயோ தேய்த்தார். கீழடுக்கைப் பழையபடி ஏற்றினார். வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு தடவை விழுந்தால் குடியா முழுகிவிடும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தார்.

ஏவுமிடத்தில் ராக்கெட்டைக் கம்பியில் மாட்டி, ஒயர் இணைத்துவிட்டு, வசந்தாமணி திரும்பி வந்தாள். ஹோவர்டிடம் ஏதோ சொன்னாள். ஹோவர்ட் மைக்கைப் பிடித்தார். அடுத்தது நைக்கி-அப்பாச்சி, இரண்டடுக்கு, செய்தவர் வசந்தா. ஆனால் பொத்தானை அமுக்கப்போவது அவர் கணவர் சுப்பையன், ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் அதிர்ஷ்டக் கை அவருடையதுதானாம்!

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பெரிய பாஸும் தட்டினார். சுப்பையன் என்று அவர் பெயரை முழுசாக, தப்பில்லாமல் மைக்கில் சொன்னார் ஹோவர்ட். வசந்தாமணி முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறாள், திருத்தித் திருத்தி.

"வாங்க" என்றாள் அவள். "எனக்கு இங்கிலீசு வராதுன்னு ஒரு வாரமா மனப்பாடம் பண்ணுனனுங்க. மை ஹஸ்பண்ட் லக்கி ஹேண்ட். செரியாச் சொன்னனா?"

சுப்பையன் ஏவுமிடத்தைப் பார்த்தார். இப்போதுகூடச் சொல்லிவிடலாம். வயிறு சரியில்லை என்று ஓடிவிடலாம். என்ன செய்தார் தெரியுமா? நடந்து போனார். இத்தனை பேர் கைதட்டலையும் உதறிவிட்டுப் போக அவரால் முடியவில்லை. பொத்தான் பெட்டியை வாங்க வலதுகையை நீட்டினார்.

ஹோவர்ட் எண்ண ஆரம்பித்தார். ஐந்து. நான்கு.

வசந்தாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். முழங்கைக்குக் கீழே, வெளிர்நீலச் சட்டைக் கையில், வெயிலில் மினுங்கிக்கொண்டு ஒரு துண்டு டேப். அதன் நுனியில் சிவப்புப் புள்ளி.

"ஹோல்ட்!" என்றாள்.

ஹோவர்ட் பாதுகாப்புச் சாவியை உருவினார். அவள் அந்த டேப்பை மெதுவாக, சட்டை நூல் இழுக்காமல், உரித்து எடுத்தாள்.

"சட்டையில ஒட்டியிருக்குதுங்க" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுப்பையன் பிழைத்திருப்பார். டேப்பை இரண்டாக மடித்து அவர் சட்டைப் பையில் போட்டாள். என்ன ஆச்சு என்று ஹோவர்ட் கேட்டதற்கு, "டேப். ஐ ஃபர்காட், சாரி" என்றாள். போய் ராக்கெட்டை இறக்கி, மண்டியிட்டு, புதுசாக ஒரு சுற்று டேப் ஒட்டி, நுனியில் மசிப்புள்ளி வைத்து, மாட்டிவிட்டு வந்தாள். முழங்காலில் சாணி அப்பியிருந்தது. துடைக்கவில்லை.

சுப்பையன் இன்னும் அதே இடத்தில் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றார். அவள் பெட்டியை அவரிடம் தரவில்லை.

"வேண்டாமுங்க. நானே அமுத்திக்கறனுங்க."

ஹோவர்ட் சிரித்தார். அதிர்ஷ்டக் கை என்ன ஆயிற்று?

"டுடே ஐ பிரஸ்" என்றாள் வசந்தாமணி. அமுக்கினாள்.

ஆஹா, அது போன போக்கு! ஒரு சீறல், வெள்ளைப் புகை, தடித்த கீழடுக்கு உருண்டு கழன்றது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அடுத்த கணம் அந்த உயரத்தில் இன்னொரு சீறல் கேட்டது. ஒல்லியான மேலடுக்கு ஊசி மாதிரி நீலத்துக்குள் ஏறி, கண்ணுக்குத் தெரியாமல் போய், கொஞ்ச நேரம் கழித்து ஆரஞ்சுப் பாரசூட்டில் ஆடிக்கொண்டு இறங்கியது. யாமினி கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுப்பையன் தன் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு வருஷம் காத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை. சாப்பாடு போட்டாள், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தாள், யாரிடமும் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனாள். கடல்மேடைக்கு நூல் பருமனில் ஏணி செய்தாள், தீப்பெட்டி அளவில் பம்பு செய்தாள். ஒரு வருஷத்தில் ஹோவர்டுக்கு அவள் இல்லாமல் ஒரு வேலையும் ஓடவில்லை.

இரண்டாயிரத்தில் அவர்கள் கேட்டியிலேயே சொந்த வீடு வாங்கினார்கள். பால் காய்ச்சுகிற அன்று காலையில் பத்மநாபன் குடும்பம், ஹோவர்ட், இன்னும் பத்துப் பேர் சமையலறையைச் சுற்றி நின்றார்கள். சுப்பையன் தலைக்குக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, யாரும் கூப்பிடாமலே அடுப்புப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வலதுகையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒருநாளாவது கூப்பிடுவாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வசந்தாமணி புதுப் பானையில் பாலை ஊற்றினாள், மஞ்சள் கட்டினாள், அடுப்பில் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"யாமினி, இங்க வா கண்ணு. உன்ற கையால ஆரம்பி."

"மீ? ஓகே, அம்மா" என்று பன்னிரண்டு வயதுப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குமிழைத் திருகினாள். நீலமாகப் பற்றிக்கொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். பெற்ற மகளின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார் சுப்பையன். ஆபீசில் எத்தனையோ பேரைப் பார்த்து எரிந்திருக்கிறார், பெண்டாட்டியைப் பார்த்து எரிந்திருக்கிறார். அந்தச் சின்னக் கைமேல் அன்றைக்கு வந்த பொறாமை மாதிரி அவருக்கு அதற்குமுன் வந்ததே இல்லை. எனக்கென்ன அதைப் பத்தி என்று சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை.